ஆளுக்கு நாற்பது

"ஒண்ணுமில்லீங்க அம்மணி, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சுப்பண்ணன் சொன்னபோதே ஏதோ இருக்கிறது என்று வரலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது.

சும்மா கூப்பிடுகிற மனுசனா அவர்? தாராபுரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவர். கடை முழுக்க எரிந்துபோன மோட்டார்கள் வரிசை கட்டிக் கிடக்கும். போதாக்குறைக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவைக் கூப்பிட்டுச் சும்மா பேச அவருக்கு என்ன வேண்டுதலா?

"எங்கிருந்து பேசறீங்க?"

"மெஷின்லதானுங்க படுத்திருக்கறேன். ஒரு கையில ஊசி. இன்னொரு கை சும்மாதானே கெடக்குதுன்னு உங்களைக் கூப்பிட்டேன். சாப்பிட்டாச்சுங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். அவரும் மழை பெய்ததா, வெயில் எப்படி என்று சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், ரொம்பத் தயங்கி, "ஒண்ணாந் தேதியிலிருந்து இங்க டயாலிசிஸை நிறுத்தறாங்கன்னு நர்ஸ் அம்மணிங்க பேசிக்கிட்டாங்க. நான் அதைக் கேக்கறதுக்காகக் கூப்பிடலீங்க. வெச்சரட்டுங்களா?" என்றார். வைத்தும்விட்டார்.

வரலட்சுமி போனைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்கவாம் கூப்பிட்டார்?

விசயம் இதுதான். பீளமேட்டில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத் தாராபுரம், ஆனைமலை, காரமடை என்று மூன்று கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு சர்வர். நோயாளிகளின் விவரமெல்லாம் அதில்தான். தினமும் பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அந்த விவரத்தின் நகல் லைன் வழியாகக் கோயமுத்தூருக்கு வந்து, பீரோ உயரத்துக்குக் கருப்பாக நிற்கிற மெயின்ஃப்ரேமில் சேர்ந்துவிடும். கிளையில் எது கெட்டாலும் பெரிய மெஷினிலிருந்து திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த நகலுக்கெல்லாம் பொறுப்பு வரலட்சுமி. பதினேழு வருசமாக அதுதான் அவள் வேலை. இதுவரை ஒரு எழுத்துக்கூடத் தொலைந்ததில்லை.

ஆனால் தொலையாமல் இருப்பது வேறு, நேரத்துக்குக் கிடைப்பது வேறு என்று போன மாதம் ஒரு திங்கட்கிழமை அவளுக்குப் புத்தியில் உறைத்தது. அன்றைக்கு மின்சாரம் எகிறித் தாராபுரத்துச் சர்வர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. புது சர்வரை வைத்து, இங்கிருந்து விவரத்தைத் திருப்பி அனுப்ப முப்பத்தெட்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு நாளும் அரை நாளும் போய் அதற்கு மேலும் இரண்டு மணி! யாருக்கு உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் இறக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து சேராது என்று தெரியாமல் எந்த டாக்டரும் டயாலிசிஸ் மெஷினைத் தொட மாட்டார். தொடவும் கூடாது. இருபத்திரண்டு பேரை இரண்டு வேனில் ஏற்றி, எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோயமுத்தூருக்குத் தாட்டிவிட்டார்கள். சுப்பண்ணன் குண்டடம் தாண்டுவதற்குள் ஒரு தரம் வாந்தி எடுத்தார். திரும்பிப் போகையில் பல்லடத்துக்கிட்ட இன்னொரு தரம். ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டவள் வரலட்சுமி. அப்படித்தான் அவள் நம்பர் அவரிடம் போனது.

ஆஸ்பத்திரி டிரஸ்டின் செயலாளர் வெங்கடபதி கெட்ட மனுசன் இல்லை. ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "உசுரு சமாச்சாரத்துல வெளையாட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை. தாராபுரத்தில் ஒரு காலி சர்வரை வைத்து, காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மொத்த விவரத்தையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆறு மணி நேரம், அதாவது மத்தியானம் இரண்டு மணி. அதற்குள் முடிந்தால் சரி. முடியாவிட்டால் தாராபுரத்தில் டயாலிசிஸ் கிடையாது, இருபத்திரண்டு பேரும் வாரம் மூன்று நாள் கோயமுத்தூருக்கு வர வேண்டியதுதான்.

வருவார்கள், உயிராயிற்றே. ஆனால் வாரத்தில் மூன்று நாள் முழுசாகப் பூட்டிக் கிடக்கிற கடைக்கு எந்த விவசாயி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவான்?

"யாரு போன்ல?" என்று கேட்டபடி சென்னகேசவன் வந்தார். மெயின்ஃப்ரேமைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். தன் மெஷினை யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"தாராபுரம் சுப்பண்ணனுங்கண்ணா. ஒண்ணுமே கேக்கலைன்னு சொல்றதுக்காகக் கூப்பிட்டிருக்காரு."

"அப்ப கேட்டாச்சுன்னு அர்த்தம்" என்றார் அவர்.

மூன்று வாரமாக இரண்டு பேரும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டார்கள். பெரிய மெஷினும் கிளைச் சர்வரும் பேசிக்கொள்கிற விதம் முதலில் மகா மோசமாக இருந்தது. இது துளி அனுப்பும். அது 'வந்து சேர்ந்தது' என்று பதில் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பிறகு இன்னொரு துளி. கல்யாணப் பந்தியில் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு, இலைக்காரர் நிமிர்ந்து பார்க்கும்வரை வாளியோடு நிற்கிற ஆள் மாதிரி. பந்தி எப்போது முடிவது? அதை மாற்றினார்கள். ஒரு தடவைக்கு எச்சாக, துளிக்குப் பதில் குடம் குடமாக, அனுப்பச் செய்தார்கள். ஒரே வரிசையில் போனதை எட்டு வரிசையாகப் பிரித்தார்கள். முப்பத்தெட்டு மணி நேரம் முப்பத்தொன்றாகக் குறைந்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் என்ன செய்தாலும் ஒரு நிமிசம்கூடக் குறையமாட்டேன் என்றது.

வெளியிலிருந்து ஆலோசனை சொல்ல வந்த ஒரு கம்பெனிக்காரர், "மெயின்ஃப்ரேம் பழசுங்க, மாத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னகேசவனுக்கு வந்ததே பாருங்கள் கோபம்! "வாங்கி ஆறு வருசம் ஆன மெஷின் அவனுக்குப் பழசாமா?" என்று, அதே விவரத்தைப் பக்கத்து அறையில் இருந்த ஒரு சர்வருக்கு அனுப்பிக் காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஆக, மெஷின் மேல் தப்பில்லை. லைன்காரர்களும் வந்து சோதித்துவிட்டு, தங்கள் லைனில் விநாடிக்கு ஐந்நூறு மெகாபிட் தாராளமாகப் போகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மெஷின் நன்றாக இருக்கிறது, லைன் நன்றாக இருக்கிறது, வேகம் மட்டும் நாற்பது. ஐந்நூறு போகிற பாதையில் நாற்பது! இது என்ன கெரகமோ!

அந்த வெள்ளிக்கிழமை மறுபடி ஒத்திகை ஓடவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேகத்தைக் காட்டுகிற கோடு நாற்பதைத் தொட்டதும் படுத்துவிட்டது. ஸ்கேல் வைத்து இழுத்தது போல அப்படி ஒரு நேர்.

சென்னகேசவன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். "அம்மணி, தானா வர்ற வேகம் இப்படி இருக்காது. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் எறங்கும். இது மட்டம் பாத்து வெச்சது. யாரோ கைய வெச்சு அமுக்கிப் புடிச்சிருக்காங்க."

"நம்ம பக்கம் யாரும் வெக்கலீங்களேண்ணா."

"அப்ப அந்தப் பக்கம். கேட்டுப் பாக்கறது?"

கேட்டுப் பார்ப்பதா! வரலட்சுமிக்கு அதுவரை அந்த எண்ணமே வரவில்லை என்று சொன்னால் பொய். மூன்று வாரத்தில் நாலைந்து தரம் வந்தது. ஆனால் எப்படிக் கேட்பது? தாராபுரத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற கிருபாசங்கர் நல்ல பையன், கல்யாணமாகி இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை, அலுக்காமல் வேலை செய்கிறவன். அவனிடம் போய் 'உன் பக்கத்தில் ஏதாவது கோளாறா' என்று கேட்டால், பழியைத் தூக்கி அவன் தலையில் போடுகிற மாதிரி ஆகிவிடாதா? அதனால் கேட்கவில்லை. இப்போது சுப்பண்ணனின் குரல் காதிலேயே நின்றதால், கேட்டுவிடுவது என்று போனை எடுத்தாள்.

"கிருபா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பக்கம் வேகத்துக்கு ஏதாச்சும் அளவு வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்குதுங்களே மேடம். நாப்பது. அனுப்பறதுக்கும் நாப்பது, வாங்கறதுக்கும் நாப்பது."

சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். வரலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"யாரு வெச்சது?"

"எனக்கு முந்தி இருந்தவருங்க. லைன் வந்து சேர்ற ரவுட்டர் பொட்டி மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்குதுங்க, இப்படித்தான் வெக்கோணும்னு."

"என்னன்னு எழுதியிருக்குது? படிங்க."

அவன் எழுந்துபோகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகப் படித்தான். "'மூன்று கிளைகளும் ஒரே நேரத்தில் அனுப்புவதால் லைன் நெரிந்து மற்றவர்களுக்கு இடைஞ்சலாகிறது. தயவுசெய்து ஆளுக்கு நாற்பதுக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளவும். இப்படிக்கு…'" அங்கே நிறுத்திவிட்டான்.

"இப்படிக்கு யாரு?"

"அது வேண்டாமுங்க மேடம்."

"படிங்கங்கறேன்!"

"'வரலட்சுமி'ன்னு போட்டிருக்குதுங்க."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவளுக்கு. எட்டு வருசத்துக்கு முன்னால், மூன்று கிளைக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்ன லைன் இருந்த காலத்தில், ஒரு நாள் மூன்றும் சேர்ந்து அனுப்பி லைன் அடைத்து, கிளைகளில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போடுகிற வேலையே நின்றுபோனது. அன்றைக்கு அவள் எழுதிய கடிதம்தான் அது. அப்புறம் இரண்டு வருசத்துக்கு முன் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிப் பெரிய லைன் வந்தது. கடிதம் எழுதியவள் மறந்துபோனாள். வாங்கினவர்கள் மறக்கவில்லை.

"ஏனுங் கிருபா, மூணு வாரமா இங்க மண்டையைப் போட்டு ஒடைச்சுட்டிருக்கறோம். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"நீங்க சொன்னதை உங்ககிட்டயே நான் எப்படீங்க மேடம் திருப்பிச் சொல்றது? குத்திக் காட்டற மாதிரி இருக்காதுங்களா? உங்களுக்கு ஒரு ரோசனை இருக்கும், அப்புறமாச் சொல்லுவீங்கன்னு இருந்துட்டேனுங்க."

மற்ற இரண்டு கிளைகளையும் கூப்பிட்டாள். காரமடை ரசாக், புது லைன் வந்த அன்றைக்கே அளவை எடுத்துவிடலாமா என்று நினைத்தாராம். "மத்த ரெண்டு பேரும் நாப்பதுல இருக்கறப்ப நாம மட்டும் எச்சா இழுத்தா நல்லாவாங்க இருக்கும்?" என்று விட்டுவிட்டாராம். ஆனைமலை நந்திதா கதை இன்னும் அழகு. தன் கிளை சின்னக் கிளைதானே, பெரிய கிளைகளுக்கு இடம் விடுவோம் என்று நாற்பதை முப்பதாகக் குறைத்து வைத்திருந்தாளாம். சிரிப்பதா அழுவதா? அடுத்தவனுக்கு வழிவிட்டு வழிவிட்டு, ரோட்டில் ஒருத்தரும் போகாமல் ஆளுக்கொரு ஓரமாக இரண்டு வருசம் நின்றிருக்கிறார்கள்.

"எல்லாரும் அந்த அளவை எடுத்துருங்க" என்று மூன்று பேரிடமும் கேட்டுக்கொண்டாள்.

"எடுத்துப்போடறமுங்க" என்றார்கள் மூன்று பேரும். ஞாயிற்றுக்கிழமைச் சோதனைக்காகத் தாராபுரத்துக் காலி சர்வரைத் துடைத்து வைக்க வேண்டியிருந்ததால், மறுபடி ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

வெங்கடபதியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மனசு அரித்தது. சொன்னால், 'உங்க தப்புக்குத்தான் இருபத்திரண்டு பேர் வேனில் போனார்களா' என்று ஒரு கேள்வி வரும். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். தைரியசாலி என்று அவளை யாரும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பத்து நிமிசம் முன்னாலேயே வெங்கடபதி வந்துவிட்டார். ஒரு நாற்காலியை இழுத்துத் திரைக்கு எதிரே போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். எட்டு அடித்ததும் சென்னகேசவன் விசையைத் தட்டினார்.

கோடு ஏறியது. நாற்பதைத் தாண்டியது. எழுபது. தொண்ணூறு. நூறு. நூறில் போய் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏறவில்லை, இறங்கவில்லை. மறுபடியும் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.

எட்டரைக்குக் கிருபாசங்கரைக் கூப்பிட்டாள். "எடுத்துட்டீங்கதானுங்களே?"

"எடுத்துட்டனுங்க மேடம்."

"எல்லாம் சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குதுங்க."

அவனே சொல்லிவிட்டான், அதற்கு மேல் எப்படித் துருவிக் கேட்பது? 'என்ன எண் இருக்கிறது, பார்த்துச் சொல்லு' என்று நறுக்கென்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கேட்க வாய் வரவில்லை. தங்கள் பக்கத்தில்தான் கோளாறு என்று அவளும் சென்னகேசவனும் இங்கே எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தார்கள். எட்டு வரிசையைப் பன்னிரண்டாக்கினார்கள், மறுபடி எட்டாக்கினார்கள். ஒன்பதே முக்காலுக்கு ஐந்து நிமிசம் இருக்கையில் வெங்கடபதி மேசை மேலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"இந்த வேகத்துல போனா முடியறதுக்குப் பொழுது சாஞ்சு எட்டரை ஆகுமுங்களே" என்றார். குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. "உங்களைக் குத்தம் சொல்லலீங்க. முடிஞ்சதைச் செஞ்சீங்க. நான் தாராபுரத்துக்குச் சொல்லிர்றேன்."

அவர் பையிலிருந்து போனை எடுத்தார். அதைப் பார்த்ததும் வரலட்சுமிக்கு என்னவோ ஆகிவிட்டது. மெஷினில் படுத்துக்கொண்டு, ஒரு கையில் ஊசியும் ஒரு கையில் போனுமாக, கேட்க வந்ததைக் கேட்காமல் வைத்துவிட்ட மனுசன் கண்ணுக்குள் வந்து நின்றார். இன்னும் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு நல்லவர்களாக இருப்பது?

"சித்தே இருங்க" என்று வெங்கடபதியின் கையைக் கிட்டத்தட்டப் பிடித்தே நிறுத்திவிட்டு, கிருபாசங்கரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். "கிருபா, ரவுட்டர்ல இந்த நிமிசம் என்ன எண் இருக்குது?"

"நூறுங்க மேடம்."

"எடுத்துட்டேன்னு சொன்னீங்க?"

"நாப்பதை எடுத்துட்டனுங்க. ஒரேடியாத் தொறந்து உட்டா, காரமடைக்காரங்களும் ஆனைமலைக்காரங்களும் இன்னைக்கு எதாச்சும் அனுப்பறதா இருந்தா சிரமப்படுவாங்களேன்னு நூறு வெச்சனுங்க. நூறே எச்சுதானுங்களே மேடம்?"

சென்னகேசவன் தலையில் கையை வைத்துக்கொண்டார். வெங்கடபதி ஒன்றும் புரியாமல் ஒருத்தர் முகத்தை மாற்றி ஒருத்தர் முகத்தைப் பார்த்தார்.

"கிருபா, கேளு" என்றாள் வரலட்சுமி. அவனிடம் அவள் அதுவரை அப்படி ஒருமையில் பேசியதே இல்லை. "அந்தச் சீட்டை எழுதினவ நான். எழுதி எட்டு வருசமாச்சு. அது தப்பு. இப்பத் தனித்தனி லைன், உன்னால யாருக்கும் ஒரு எடைஞ்சலும் கெடையாது. சீட்டைக் கிழி. அளவே வேண்டாம். நூறும் வேண்டாம், ஐந்நூறும் வேண்டாம். இப்பவே எடு. நான் லைன்லயே இருக்கறேன்."

அந்தப் பக்கம் சீட்டைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. பையன் பயந்துபோயிருப்பான், பாவம். பிறகு விசைப்பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"எடுத்தாச்சுங்க மேடம்."

கோடு துள்ளிக்கொண்டு மேலே போனது. இருநூற்றைம்பது, முந்நூற்றிருபது, இருநூற்றுத் தொண்ணூறு, முந்நூற்றுப் பத்து. நிற்கவே இல்லை. ஏறுவதும் இறங்குவதுமாகக் கோணல் மாணலாக ஓடியது. அத்தனை அழகான கோணலை வரலட்சுமி பார்த்ததில்லை. "இப்பத்தான் அது அதும்பட சொந்த வேகத்துல போகுது!" என்று சென்னகேசவன் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். கடிகாரம் எகிறி விழுந்தது.

வெங்கடபதி அதைக் குனிந்து எடுத்துவிட்டு, "எந்தச் சீட்டுங்க அது?" என்றார்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? முழுசாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமையே தெரியும் என்பதையும், பயந்துகொண்டு சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் வந்தது. "அந்த வேன்ல போனவங்க அத்தனை பேரும் என்னாலதானுங்க போனாங்க" என்றாள்.

"லைன் மாத்துனப்ப கையெழுத்துப் போட்டவன் நான். பழைய அளவு என்னாச்சுன்னு நானும் கேக்கலீங்க" என்றார் வெங்கடபதி. "உங்க மேல கோவமில்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்குது. அதை நாளைக்கு வெச்சுக்கலாம். இப்ப ரெண்டு மணிக்குள்ள முடியுமுங்களா?"

சென்னகேசவன் ஒரு தாளில் கூட்டிப் பெருக்கிப் பார்த்தார். "ஒண்ணேகால் வாக்குல முடியுமுங்க. ஆனா வந்து சேந்ததெல்லாம் சரியா இருக்குதான்னு பாக்க அரை மணி வேணும்."

அந்த மூன்றரை மணி நேரத்தை எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் வரலட்சுமிக்கே தெரியாது. ஒரு தரம் கோடு நூற்றைம்பதுக்கு விழுந்து, அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, தானாகவே ஏறியது. பதினோரு மணிக்கு ரசாக்கும் நந்திதாவும் தனித்தனியாகக் கூப்பிட்டு, தாங்களும் முழுசாக எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். 'முழுசாவா?' என்று இரண்டு பேரிடமும் கேட்டு, என்ன எண் என்று திரையைப் பார்த்துப் படிக்கவும் வைத்தாள். கான்டீனிலிருந்து வந்த தக்காளி சாதத்தை வெங்கடபதியும் சென்னகேசவனும் சாப்பிட்டார்கள். அவளுக்கு இறங்கவில்லை.

ஒன்று பதினேழுக்குக் கடைசித் துண்டு போய்ச் சேர்ந்தது. தாராபுரம் டயாலிசிஸ் வார்டில் நர்ஸ் மௌனிகா தயாராக உட்கார்ந்திருந்தாள். அவள் ஒவ்வொரு நோயாளியாகத் திறந்து தண்ணீர் அளவு, மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் படிக்க, வார்டுச் சுவரில் தொங்கிய வெள்ளிக்கிழமைச் சீட்டோடு கிருபாசங்கர் ஒத்துப் பார்த்தான். பதினாறாவது ஆளுக்கு ரத்தப் பரிசோதனையை அவள் படிக்க அரை நிமிசம் தாமதமாக, இங்கே மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பார்த்தால், அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம்.

"இருபத்திரண்டும் சரிங்க" என்றாள் மௌனிகா.

மணி ஒன்று நாற்பத்தெட்டு. வெங்கடபதி கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "தாராபுரம் நடக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, வரலட்சுமி தொடாமல் வைத்திருந்த தக்காளி சாதத்தை அவள் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போனார்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றாள் மௌனிகா. "இங்க சுப்பண்ணன் ஐயா உக்காந்திருக்காருங்க. வெடியால எட்டு மணியிலிருந்து இருக்காரு. இன்னைக்கு உங்க மொறை இல்லையேன்னா, காத்தாட வந்தேங்கறாரு."

டயாலிசிஸ் வார்டுக்குக் காற்று வாங்க வந்தாராம்! "அவருகிட்டக் குடுங்க" என்றாள்.

"அம்மணி" என்றார் சுப்பண்ணன். "நாளைக்கு இங்கயேதானுங்களா?"

"இங்கயேதானுங்க. அடுத்த மாசமும் இங்கயேதான். அதுக்கடுத்த மாசமும்."

அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"ரொம்ப சந்தோசமுங்க" என்றார் கடைசியில். "ஆனா ஒரு சங்கடமாப் போச்சு."

"என்னங்க?"

"காயில் சுத்தற மெஷினைக் காங்கயத்துக்காரரு ஒருத்தருக்கு விக்கறதாப் பேசி உட்டுப்போட்டனுங்க. இன்னைக்குப் பொழுதோட வண்டி கொண்டாந்து ஏத்திக்கறேன்னுட்டாரு. வாரத்துல மூணு நாள் கோயமுத்தூருக்கு வந்துட்டுக் கடையை எப்படீங்க நடத்தறதுன்னுதான் பேசினது. இப்பப் போயி வேண்டாம்னு சொன்னா அந்த மனுசன் என்ன நெனைப்பாரு? வண்டி வேற சொல்லியிருப்பாரு."

"அவருகிட்ட ஏதாச்சும் வாங்கிட்டீங்களா?"

"இல்லீங்க, வாய்ப்பேச்சுத்தான். இருந்தாலும் பேசினது பேசினதுதானுங்களே. போச்சாது போங்க, கெடைக்கறப்ப வேற மெஷின் பாத்துக்கலாம்."

வரலட்சுமிக்குச் சுர்ரென்று ஏறியது. மெஷின் போனால் கடையில் அப்புறம் என்ன இருக்கும், நாலு சுத்தியலும் ஒரு ஸ்டூலுமா?

"அவரு நம்பரைச் சொல்லுங்க."

"நீங்க எதுக்குங்க அம்மணி…"

"சொல்லுங்கங்கறேன்!"

சொன்னார். எழுதிக்கொண்டு, அவரை வைக்கச் சொல்லிவிட்டு, காங்கயத்துக்குப் போட்டாள். இரண்டாவது மணிக்கே எடுத்தார்கள்.

"ஏனுங்க, தாராபுரம் சுப்பண்ணன் கடை சமாச்சாரமாப் பேசறேனுங்க. பொழுதோட வண்டி அனுப்ப வேண்டாம். மெஷின் விக்கறதுக்கில்லீங்க. அவரு கடையை நடத்தப் போறாரு."

"என்னங்க இது? வெள்ளிக்கெழமை கூட அவருதானுங்களே பேசினாரு" என்றது அந்தக் குரல். "வேண்டாம்னா அவரே சொல்றதுக்கென்ன, அவருக்கு வாய் இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றாள் வரலட்சுமி. "அதனாலதான் நான் சொல்றேன்."